அடிப்பலகை

“...அதுக்கு மேல வராதப்பா, சொல்லிட்டேன். ஒண்டியா வரச் சொல்லியிருக்கா, ஒண்டியாத்தான் போவணும்” என்று அக்கா சொன்னது, பாகூர் பஸ் வந்து நிற்கிற வேப்பமரத்தடியில். கையில் ஒரு கட்டைப்பை. தலையை வாரி, துண்டுப் பூ வைத்திருந்தார். முந்தானையில் ஒட்டியிருந்த மரத்தூளை மட்டும் உதற மறந்துவிட்டார்.

வரச் சொன்னது செலியமேட்டில் கட்டிக்கொடுத்த தங்கச்சி. ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தங்கச்சி.

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அக்கா ஒரு காரியம் செய்தார். சின்னக் காரியம்தான். இங்கேயே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. அக்காவைத் தெரிந்தால்தான் தோன்றும். அக்காவைத் தெரிய வேண்டும் என்றால் மெஷினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் அப்போது ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் எனக்குத் தெரியாத ஜன்னல் கிடையாது. வலையை இழுத்துப் பிடித்துச் சட்டத்தில் அடிக்க மெல்லிய மரப்பட்டி வேண்டும். பீடிங் என்போம். சுண்டுவிரல் அகலம், தோசை தடிமன். படிப்பு எனக்கு எட்டாவதோடு நின்றது. மீதியை ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு நின்றுகொண்டு, உள்ளே பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்குக் கூலி கொஞ்சம் குறைந்தாலும் எனக்குத் தெரியாது.

பீடிங் இழைத்துக் கொடுத்தவர் இந்த அக்கா. ஊரில் ‘மெஷின் அக்கா’ என்றால்தான் தெரியும். வீட்டுக்காரர் கதவு நிலை செய்கிற ஆசாரி. கட்டடம் கட்டடமாகப் போய்விடுவார். மெஷின் அக்காவுடையது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த இழைப்பு மெஷின். கன்றுக்குட்டி உயரம் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரம். அதைச் சுற்றினால் மேசை ஏறும், இறங்கும். மேலே பிளேடு பூட்டிய உருளை கண்ணுக்குத் தெரியாமல் சுற்றும். இந்தப் பக்கம் மரத்தைக் கொடுத்தால் ரோலர் மெதுவாகக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் அதே மரம் குழந்தையின் கன்னம்போல் வெளியே வரும்.

மத்தியான வெயில் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக இறங்கும். அந்த ஒளியில் மரத்தூள் விழவும் விழாது, பறக்கவும் பறக்காது, அப்படியே நிற்கும். பலா இழைத்தால் கொட்டகைக்குள் மஞ்சளாக இருக்கும். தேக்கு இழைத்தால் தேன் நிறம். வேம்பு இழைத்தால் நாக்கு நுனியில் ஒரு கசப்பு வந்து உட்காரும். நான் மரச்சீவல் மூட்டையில் சாய்ந்து காத்திருப்பேன். சும்மா ஓடும்போது மெஷினுக்கு ஒரு குரல், மரத்தை வாங்கியதும் வேறு குரல். இரண்டும் மாறி மாறிக் கேட்கக் கேட்கக் கண் சொருகும். அரைத்தூக்கத்தில் பார்த்தால், அந்தப் பக்கம் பட்டி வந்துகொண்டே இருக்கும். முடிவே இல்லாத ஒரே பட்டி, கொட்டகையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கரும்புக் காட்டுக்குள் போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.

முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். கையில் கொஞ்சம் பழைய பீடிங் இருந்தது. இன்னும் கொஞ்சம் மெலிசாக்கினால் போதும். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம், நானே ஒன்றை எடுத்து மெஷினில் கொடுத்தேன். படபடவென்று ஒரு சத்தம். பட்டி உள்ளேயே துடித்து, நொறுங்கி, அந்தப் பக்கம் சில்லுச் சில்லாகப் பறந்தது. அக்கா ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். திட்டவில்லை. முதலில் என் விரல்களைத்தான் பார்த்தார்.

“மெல்லிச ஒண்டியா உடலாமாப்பா? அதுக்கு இன்னா தெரியும்? உள்ள அம்மாம் காத்து, அம்மாம் சத்தம். பயந்துகினு துள்ளுது, ஒடைஞ்சிடுது.”

மூலையிலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்தார். இரண்டு விரல் தடிமன், ஆள் நீளம், வருஷக்கணக்காகக் கைபட்டு மினுமினுவென்று இருந்தது. வால் பக்கம் ஒரு குட்டிக் கட்டை அடித்திருந்தார், மேலே வைக்கிற பட்டி பின்னால் வழுக்காமல் இருக்க. பலகை மேல் பட்டியைப் படுக்கவைத்து, இரண்டையும் சேர்த்து மெஷினில் கொடுத்தார். பட்டி நடுங்கவில்லை. பல்லக்கில் ஏறிய மாதிரி போய் வந்தது.

“இதான் அடிப்பலக. இது மேல பிளேடு படாது. இது ஒண்ணும் பண்ணாது. சும்மா அடியில கெடக்கும். ஆனா இது இல்லன்னா அது வூடு போய்ச் சேராது.”

தொழில்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான் இது. ஆனால் இந்த அக்கா அதை மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாழ்க்கை முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார்.

யார் எங்கே போவதாக இருந்தாலும், போகிறவர் முகத்தைப் பார்ப்பார். முகம் மெலிசாக இருந்தால், “ஒண்டியாவா போற?” என்பார். இல்லை என்று பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். மெஷினை அணைப்பார், கட்டைப்பையை எடுப்பார், கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, கணவன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்த பெண் திரும்பிப் போகிற பயணம், மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகிற பயணம். போன இடத்தில் வாய் திறக்க மாட்டார். யோசனை சொல்ல மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

“கூட வந்து இன்னாக்கா பண்ணுவ?” என்று ஒருவர் கேட்டதற்கு, “ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுக்குத்தான வரேன்” என்றார்.

பஸ்ஸில் அவருக்கு ஒரு வழக்கம். முதலில் அவர் ஏறி ஜன்னலோரம் உட்காருவார். பக்கத்து சீட்டில் கட்டைப்பையை வைப்பார். யாராவது உட்கார வந்தால் முகத்தைத் திருப்பாமல், “ஆளு வருது” என்பார். கூட வருகிறவர் ஏறியதும் பை மடிக்கு வந்துவிடும். தனியாகப் போகும்போது அந்தப் பை சீட்டுக்கே வராது, காலடியில்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

டீக்கடைக்காரர் மனைவி ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுக்கப் போனபோதும் அக்கா போனார். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த அம்மா வண்டியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அக்கா சத்தமில்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “பின்னால ஆளு ஏறக் கூடாதும்மா” என்றார் அதிகாரி. “நான் ஆளு இல்ல சார், தொண” என்றார் அக்கா. அதிகாரியே சிரித்துவிட்டாராம். இறக்கி விட்டார்கள். அக்கா விடவில்லை. ஸ்கூட்டர் எட்டுப் போட, இவர் வெளியே கோட்டோரமாக இன்னொரு எட்டு நடந்தார். முடிந்தபோது லைசென்ஸ்காரிக்கு ஒன்றும் இல்லை, அக்காவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அதைவிட எனக்குப் பிடித்தது மீசைக்காரர் கதை. பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற பெரிய குடும்பத்துக்காரர். மீசையைப் பார்த்தால் மாடு ஒதுங்கும். ஒரு நாள் அவர் காரில் அக்கா வில்லியனூர் போய், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“இன்னாக்கா, பல்லா?”

“ஆமாம்பா, கடவாப்பல்லு. புடுங்கியாச்சு.”

நல்ல மனுஷன், ஏழைப் பெண்ணைக் காரில் கூட்டிப் போய்ப் பல் வைத்தியம் பார்த்து வந்தார் என்று மீசைக்காரருக்கு ஊரில் நல்ல பெயர். அக்காவும் அதற்கேற்ற மாதிரி கொட்டகையில் கஞ்சி குடித்துக் காட்டினார். அவர் வீட்டுக்காரர்தான் என்னிடம் குழம்பினார்: “எல்லாப் பல்லும் இருக்குதேப்பா. நேத்து எங்கூட சண்ட போட்டப்பகூட வரிசையா பாத்தனே.”

ரொம்ப நாள் கழித்து மீசைக்காரர் வீட்டு ஜன்னலுக்கு வலை அடிக்கும்போது அவரே என் பக்கத்தில் வந்து குசுகுசுத்தார். “பல்லு எனக்குத்தான்டா. ஊசியப் பாத்ததும் எழுந்து ஓடப் பாத்தேன். அது என் துண்டப் புடிச்சுகினு உக்காந்துட்டுது. வெளிய சொல்லிடாத.”

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. அக்கா யாரோடாவது பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஊர் அந்த ஆளை உற்றுப் பார்க்கும். விஷயம் பெரிசுபோல என்று பேசிக்கொள்ளும். அதனால் சிலர் அக்கா கண்ணில் படாமல் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனதும் உண்டு. வீட்டுக்காரர் சொல்வார்: “ஊருக்கெல்லாம் தொணைக்குப் போறா. என் தட்டுக்குத்தான் தொண இல்ல.”

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தும். அக்கா தன்னோடு யாரையும் வர விட மாட்டார். ஒருமுறை கண்ணில் மரச்சில்லு தைத்துவிட்டது. தனியாகப் பஸ் ஏறிப் போய் எடுத்துவிட்டு, கண்ணில் பச்சைத் துணியோடு வந்து மெஷினைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?”

“எனக்கு எதுக்குப்பா? நான் தடிமன். தடிமன் தானா போவும், தானா வரும்.”

இப்போது தங்கச்சிக்கு வருகிறேன்.

இழைப்பு மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் கொடுக்க, அந்தப் பக்கம் ஒருவர் தாங்கிப் பிடிக்க. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் பலகையின் தலை தொங்கும். தலை தொங்கினால் வால் தூக்கும். தூக்கிய வாலில் பிளேடு கூடுதலாகக் கடித்து, கடைசி ஒரு சாணில் குழி விழுந்துவிடும். அந்தப் பக்கம் நின்று பிடித்தது தங்கச்சி. செலியமேட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அக்கா பேசாததையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, தன் ஊர்க் கதை முழுக்க மெஷினைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேரும்.

தங்கச்சிக்கு ஒரே பெண். டவுனில் படித்தது. கோயில் மணி கேட்கிற ஊர்களுக்கு நடுவே, மாதா கோயில் மணி கேட்கிற ஒரு ஊர்ப் பையன் மேல் அதற்கு மனசு. வீட்டில் சொல்லிப் பார்த்தது, அழுது பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. பதிவுக் கல்யாணத்தன்று காலையில் பெரியம்மாவின் கொட்டகைக்கு வந்து நின்றது.

அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: “வேணாம்னும் சொல்லல, போன்னும் சொல்லலப்பா. மூஞ்சி காயிதமாட்டம் வெளுத்துப் போயிருந்துது. ஒண்டியாவா போறன்னு கேட்டேன். ஆமாம் பெரியம்மான்னுது. மெஷின அணைச்சிட்டேன்.”

பதிவு ஆபீஸில் பையனுடைய ஸ்நேகிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா வெளியே பெஞ்சில் பெண்ணின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

தங்கச்சி கொட்டகைக்கு வந்தது அதற்கு மறுநாள். அன்று நான் சீவல் மூட்டையில் இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. தங்கச்சி கத்துவார் என்று நினைத்தேன். மெல்லத்தான் பேசினார்.

“நீ கூடப் போவலன்னா அவ அந்தப் படி ஏறியிருக்க மாட்டா. பாதியில திரும்பி எங்கிட்ட வந்திருப்பா. உன் தொணையாலதான்டி என் பொண்ணு போனா.”

தங்கச்சி சொன்னதில் பாதி நிஜம் என்று அக்காவுக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. பயந்த பெண் தனியாகப் போயிருந்தால் திரும்பித்தான் வந்திருக்குமோ என்னவோ.

அதன்பிறகு அந்தப் பக்கம் ஆள் இல்லை. அக்கா இந்தப் பக்கம் பலகையைக் கொடுத்துவிட்டு, மெஷினைச் சுற்றி ஓடிப் போய் அந்தப் பக்கம் பிடிப்பார். எவ்வளவு ஓடினாலும் ஒரு நொடி பிந்திவிடும். அந்த நாட்களில் எனக்கு வந்த பீடிங் எல்லாவற்றிலும் வால் பக்கம் ஒரு குழி இருக்கும். விரலை ஓட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு படி இறங்குகிற மாதிரி தெரியும். நான் அந்த ஒரு சாண் நீளத்தை அறுத்துவிட்டு ஜன்னலில் அடிப்பேன். அக்காவிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாதா? வேறு ஆள் வைக்கச் சொன்னால், “அது அவ நிக்கிற எடம்பா” என்பார்.

ஒருமுறை வீட்டுக்காரரையும் இரண்டு பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு சமாதானத்துக்குப் போனார். “பஞ்சாயத்துக்கு வந்தீங்களா?” என்று தங்கச்சி கதவைச் சாத்திவிட்டார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் பிரசவ மாசம் வந்தது. தலைப்பிரசவம். பெரியம்மாவிடம் போனில் ஒரே வார்த்தைதான்: “அம்மா வருமா?”

அக்கா செலியமேட்டுக்குச் சொல்லி அனுப்பினார். பதிலும் வந்தது. வரணும்னா ஒண்டியா வரட்டும், கும்பல் சேத்துகினு வந்தா கதவு தொறக்க மாட்டேன்.

அன்று நான் பீடிங் வாங்க வந்தவன். கொட்டகை பூட்டியிருந்தது. அக்கா வேப்பமரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே நடந்தேன். நடை அக்காவுடையது மாதிரி இல்லை. பூ வைத்த தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பையின் காதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். மறுபடி கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது? அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பார்.

செலியமேட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற பாதை. காற்றுக்குத் தோகை உரசுகிற சத்தம், தூரத்தில் மெஷின் ஓடுகிற மாதிரியே இருந்தது. தங்கச்சி வாசலில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி வேலியோரம் நின்ற என்னையும் பார்த்தார்.

“ஒண்டியா வான்னு சொன்னேன். ஆளக் கூட்டிகினு வந்திருக்க.”

கதவில் கை போய்விட்டது.

“பயமா இருந்துச்சிடி” என்றார் அக்கா. “அதான்.”

அக்காவுக்குப் பயம் என்று தங்கச்சி பிறந்ததிலிருந்து கேட்டதில்லையாம், பின்னால் சொன்னார். கரும்புத் தோகை உரசிக்கொண்டே இருந்தது. கதவிலிருந்த கை கீழே இறங்க ரொம்ப நேரம் ஆனது.

“அவளும் அன்னிக்கிப் பயந்துகினுதான் இருந்திருப்பா, இல்ல?”

“வெளுத்துப் போயிருந்தாடி.”

தங்கச்சி உள்ளே போனார். கதவு திறந்தே கிடந்தது. இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார், ஒன்று எனக்கு. அக்காவின் முந்தானையைப் பார்த்தார், மரத்தூளைத் தட்டிவிட்டார். பிறகுதான் கேட்டார், “எந்த ஆஸ்பத்திரி? நீ போவும்போது சொல்லு, நானும் வரேன்.”

பேரன் பிறந்து கொஞ்ச காலத்தில் நான் கடலூர்ப் பக்கம் குடிபோய்விட்டேன். போவதற்கு முன் கடைசியாக வாங்கிய பீடிங் கட்டு ஒன்றை வீட்டில் பிரித்து, ஒரு பட்டியை எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து வால் வரை ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குழி இல்லை. அந்தப் பக்கம் ஆள் வந்துவிட்டது.

ஆனால் வராதே என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன அக்காவோடு நான் எப்படிச் செலியமேட்டில் போய் நின்றேன்? அதைச் சொல்லத்தானே ஆரம்பித்தேன்.

“அதுக்கு மேல வராதப்பா” என்று சொல்லி முடித்தபோது பஸ் வந்துவிட்டது. “சரிக்கா” என்று நான் மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்தார். கண்டக்டர் டீ குடிக்க இறங்கியதால் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. மணப்பட்டிலிருந்து மீன் கொண்டு வந்து விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிற அம்மா ஒருத்தி ஏறி, அக்கா பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா குனிந்தார். காலடியில் இருந்த கட்டைப்பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாவிடம் சொன்னார்:

“ஆளு வருது.”